பீலிக்குக் கீழே ஒன்பது கோடுகள்

டிசம்பர் 27, வெள்ளி

நத்தை போன இடம் மட்டும் வெளுத்திருந்தது.

காலையில் அப்பாவின் மூத்திரப் போத்தலைக் கழுவ வெளியே போனபோது கண்டேன். பின் அறைச் சுவரில், மேலிருந்து கீழே, ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடுவதற்குக் கூரை ஓரம் பூட்டிய தகரப் பீலி அந்த இடத்தில் மூட்டு விட்டுவிட்டது. ஒழுகி ஒழுகிச் சுவர் கறுத்துப்போனது. அந்தக் கறுப்பின் மேல் ஒரு நத்தை வளைந்து வளைந்து ஏறியிருக்கிறது. அது போன வழி முழுவதும் சுவரின் பழைய கிறீம் நிறம் தெரிந்தது. நத்தை அந்தக் கறுப்பைத் தின்னும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிறகு வீட்டைச் சுற்றிப் போய் எண்ணினேன். ஒன்பது கோடுகள். முன்பக்கம் இரண்டு, கிணற்றடிப் பக்கம் நான்கு, குசினிப் பக்கம் இரண்டு, அப்பாவின் ஜன்னலடியில் ஒன்று. பீலியைத் தாங்கும் இரும்புக் கொளுக்கிகளில் கறள் பிடித்து, அதுவும் வடிந்திருக்கிறது. கறுப்புக்கு நடுவே செம்மண் நிறத்தில் இன்னொரு கோடு.

இது எங்கள் வீடு இல்லை. கனடாவில் இருக்கும் நிமலன் மாமாவின் வீடு. ஆறு வருடமாக நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பின் அறையும் சமைக்கிற குசினியும் எங்களுக்கு. முன்பக்கத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டி வைக்கவேண்டும். மாமா சொந்தம் இல்லை. கூப்பிட வேறு சொல் தெரியாததால் மாமா.

எல்லா வேலையும் அப்பாதான் பார்த்தார். போன மாசியில் பாரிசவாதம் வந்து அவரது வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. அம்மா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அப்பாவைப் பார்க்க ஆள் வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. இனிப் பள்ளிக்கூடம் இல்லை என்றானபோது நான் அழவில்லை.

இந்தக் கொப்பியில் பன்னிரண்டு பக்கம் விஞ்ஞானக் குறிப்பு இருக்கிறது. மிச்சம் வெறும் தாள்.

டிசம்பர் 28, சனி

தவமணி மாமி வந்தார். நிமலன் மாமாவின் அக்கா. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வீடு. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க நடந்து மாமாவுக்குக் காட்டினார். பெப்ரவரி ஏழாம் திகதி மாமாவின் மகளுக்கு இந்த முற்றத்தில்தான் கலியாணம்.

"அக்கா, உதென்ன சுவரெல்லாம் அழுது வடியுது?" போனுக்குள் மாமாவின் குரல்.

"மாரிக்கு எந்த வீடு சிரிக்குது? உன்ர பீலியைக் கேள்."

"பெயின்ற் அடிச்சாச் சரிதானே."

"பெயின்ற்காரன் சொல்லிப்போட்டான், ஊத்தையைக் கழுவாமல் அடிச்சால் ரெண்டு கிழமையில திரும்ப வெளியில வருமாம். வீடியோவில உன்ர மருமகன்ர தலைக்கு மேல கறுப்புக் கோடு நிக்கும். விருப்பமோ?"

மாமா சிரித்தார். பிறகு அப்பாவைப் பற்றி, "குணம் அண்ணை எப்பிடி?" என்று கேட்டார்.

மாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இருக்கிறார்" என்றார் மாமி.

போனை வைத்த பிறகு கிணற்றடியில் அம்மாவிடம் வந்தார்.

"மலர், குறை நினையாத. நாலு சனம் வந்து போற வீடு. பின்னுக்குத்தான் சமையல் கொட்டில் போடோணும். அந்த மனிசன் உப்பிடிக் கிடக்கேக்க எப்பிடி? ஒரு மாசத்துக்கு முதியோர் இல்லத்தில விட்டாலென்ன? நான் நிமலனோட கதைக்கிறன்."

"எங்கட கை இல்லாட்டி அவர் சாப்பிடமாட்டார் அக்கா."

"பசிச்சால் ஆரின்ர கையாலையும் சாப்பிடுவினம்."

அம்மா துவைப்பதை நிறுத்திவிட்டு எழுந்தார். முழங்கை வரை சவர்க்கார நுரை. "அக்கா, பெயின்ற்காரன் வரமுன்னம் சுவரில ஒரு பொட்டு ஊத்தை இருக்காது. வளவும் நாங்கள் துப்புரவாக்கித் தாறம். அவர் சத்தமில்லாமல் அறைக்குள்ள கிடப்பார். கதவைச் சாத்தி வைக்கிறம். அவரை மட்டும் அனுப்பச் சொல்லாதேங்கோ."

மாமி சுவரைத் திரும்பிப் பார்த்தார். "பதின்மூண்டாம் திகதி பெயின்ற்காரன் வாறான். அதுக்கிடையில முடிஞ்சால் கிடக்கட்டும். ஆர் கழுவுறது? நீ தோட்டத்துக்குப் போயிடுவாய்."

"சுகி கழுவுவாள்."

"ஓம், வாய் இல்லாட்டியும் கை இருக்குத்தானே அவளுக்கு" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினார்.

அறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. அப்பா கேட்டிருப்பார். பின்னேரம் கஞ்சி கொடுக்கப் போனபோது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கஞ்சி ஆறும் வரை விடவில்லை.

டிசம்பர் 30, திங்கள்

சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு தேய்த்தேன். கறுப்பு போகாமல் என் விரல் தோல் போனது.

அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கும் முறை இது. தலைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து நிமிர்த்த வேண்டும். அரைக் கரண்டி. விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் சுவாசப்பைக்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரி நேர்ஸ் அம்மாவிடம் மூன்று தரம் சொல்லி அனுப்பினார். ஒரு கோப்பைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். மத்தியானத்தில் எப்போதும் அம்மா வந்து கொடுப்பார். மற்ற நேரம் நான்.

ஜனவரி 1, புதன்

நாள் முழுக்க மழை. ஒன்பது கோடும் நனைந்து மினுங்கின.

ஜனவரி 2, வியாழன்

ஏணி வைத்து ஏறிப் பீலியைத் துப்புரவாக்கினேன். மாவிலை அழுகிக் கறுப்புக் களியாகக் கிடந்தது. ஒரு தவளையும் செத்து ஒட்டியிருந்தது. ஏழு வாளி அள்ளினேன். மேலே நின்று பார்த்தால் அப்பாவின் கட்டில் தெரியும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு படி இறங்கும்போதும் அவர் வாய் அசைந்தது. விழுந்துவிடாதே என்று சொல்கிறார் போல. அல்லது வேறு ஏதாவது.

விட்டுப்போன மூட்டுகளுக்குப் பழைய சைக்கிள் ரியூப் துண்டு சுற்றிக் கம்பியால் கட்டினேன். ஒழுகுவது குறைந்தது.

ஜனவரி 4, சனி

இந்த மாரியில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போடச் சுகாதாரப் பகுதி ஆட்கள் குளோரின் தூள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கிணற்றுக்குப் போட்டது போக அரை வாளிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைத் தண்ணீரில் கரைத்து முன்பக்கக் கோட்டில் பூசினேன். கால் மணி நேரத்தில் கறுப்பு மண்ணிறமாகி, மஞ்சளாகி, இல்லாமலே போய்விட்டது. எனக்கு நம்ப முடியவில்லை. தண்ணீர் ஊற்றினேன், திரும்பவும் பார்த்தேன். சுவர்.

அம்மா தோட்டத்தால் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"உதென்னடி, உரிச்ச கோழி மாதிரிக் கிடக்கு!" என்று சிரித்தார். அம்மா சிரித்து எத்தனை நாள். பிறகு, "கண்ணுக்குள்ள படாமல் பார் பிள்ளை" என்றார்.

"குடிக்கிற தண்ணிக்குப் போடுற சாமான்தானே அம்மா" என்றேன்.

"அதுவும் சரிதான்."

ஆனால் கறள் போகவில்லை. குளோரின் பட்ட பிறகு முன்னையை விட நல்ல சிவப்பாக, புதிதாக வடிந்தது போல நின்றது.

ஜனவரி 6, திங்கள்

மாமி பார்க்க வந்தார்.

"கறுப்பைக் கழுவிப்போட்டுச் சிவப்பை வளர்த்து வைச்சிருக்கிறாய். வெத்திலை போட்டுத் துப்பின மாதிரிக் கிடக்கு. கலியாண வீடோ, சந்தையோ?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையோ? ஓம் எண்டாவது சொல்லன்."

"ஓம் மாமி."

வீட்டுக்குப் போய்க் கக்கூசுக்கு ஊற்றுகிற அசிட் போத்தல்கள் நான்கு கொண்டுவந்து தந்தார். "தண்ணி விட்டு ஊத்து. கறள் பறக்கும். கையில படாமல் பொலித்தீன் பையைச் சுத்திக்கொள்" என்று தன் கையாலேயே என் விரல்களுக்குப் பை சுற்றிக் கட்டிக் காட்டினார். மாமி கெட்டவர் இல்லை.

கறள் பறந்தது.

ஜனவரி 8, புதன்

ஒரு கோட்டுக்கு இரண்டு வேலை. முதலில் குளோரின் பூசி, காத்திருந்து, கிணற்றில் அள்ளிக் கழுவ வேண்டும். சுவர் காய்ந்த பிறகு அசிட் பூசி, திரும்பவும் அள்ளிக் கழுவ வேண்டும். ஒரு கோட்டுக்கு நாற்பது வாளித் தண்ணீர். தோள் மூட்டு கழன்றுவிடும் போல வலிக்கிறது. நடுவில் அப்பாவைப் பிரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பிரட்டாவிட்டால் முதுகில் புண் வரும்.

ஐந்து முடிந்தன. நான்கு இருக்கின்றன.

ஜனவரி 10, வெள்ளி

எட்டு முடிந்தன. மாமி வந்து எண்ணிவிட்டுப் போனார். "பின்னுக்கு ஒண்டு நிக்குது. அதுதான் எல்லாத்திலயும் மோசம். நாளைக்கு முடிச்சிடு பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை காயோணும், திங்கள் அவன் வாறான்" என்றார். போகும்போது அப்பாவின் அறைக்குள் எட்டிப் பார்த்து, "குணம், உமக்கு நல்ல மகள்" என்றார். அப்பாவின் இடப்பக்க உதடு மேலே போனது. அது அவர் சிரிப்பு.

ஜனவரி 11, சனி

ஒன்பதாவதும் போய்விட்டது.

அப்பாவுக்குச் சுகமில்லை. மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது இருமத் தொடங்கி நிற்கவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஜனவரி 12, ஞாயிறு

வார்ட்டில் அப்பாவின் மூக்கிலும் வாயிலும் கவசம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போகிறது. கண்கள் சிவந்திருக்கின்றன.

டொக்டர் சின்ன வயது. அவசரப்படாமல் கதைத்தார்.

"அம்மா, கடைசியா என்ன குடுத்தனீங்கள்?"

"கஞ்சி டொக்டர். தோட்டத்தில நேரம் போயிட்டுது. ஒண்டரைக்குத்தான் வந்தனான். பசியோட கிடக்கிறாரே எண்டு கொஞ்சம் கெதியாக் குடுத்திட்டன். நான்தான். என்ர கையாலதான்."

"சரி, அழாதேங்கோ. கண் ஏன் இவ்வளவு சிவப்பு? வீட்டில புகை ஏதும்? மருந்து அடிச்சனீங்களோ?"

"இல்லை டொக்டர். அப்பிடி ஒண்டுமில்லை."

"தங்கச்சி, நீங்கள்தானே பகல்ல பக்கத்தில நிக்கிறது? ஏதும் புகை, மணம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

டொக்டர் எழுதிக்கொண்டார்.

ஜனவரி 13, திங்கள்

அம்மா ஆஸ்பத்திரியில் நிற்கிறார். பெயின்ற்கார ஜெயசீலன் அண்ணைக்குக் கேற்றைத் திறந்துவிட நான் வீட்டுக்கு வந்தேன்.

எட்டு இடத்தையும் தட்டிப் பார்த்து, "நல்ல வேலை தங்கச்சி. நான் உங்களைத்தான் கூட்டிக்கொண்டு திரியோணும்" என்றார். ஒன்பதாவது இடத்தில் அவர் விரல் உள்ளே போனது. பூச்சு மாவாகக் கொட்டியது.

"இதில என்ன ஊத்தினது?"

நான் வாளியைக் காட்டினேன். போத்தலையும் காட்டினேன்.

"ரெண்டையும் ஒண்டா?"

தலையாட்டினேன்.

"ஐயோ பிள்ளை! தனித்தனியப் போடலாம். சேர்த்தால் நஞ்சுக் காத்து வருமெல்லே. கொழும்பில எங்களோட நிண்ட ஒருத்தன் பாத்ரூமுக்குள்ள உப்பிடிச் செய்து நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தவன். திடகாத்திரமான ஆள். நல்ல காலம், நீங்கள் வெளியில நிண்டு செய்திருக்கிறியள்."

பிறகு சுரண்டத் தொடங்கினார். கையில் சுரண்டியை வைத்துக்கொண்டே ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே கட்டில் வெறுமையாக இருந்தது. மெத்தை விரிப்பைக் கூட நாங்கள் எடுத்திருக்கவில்லை. அவர் திரும்பவும் சுவர்ப் பக்கம் குனிந்தார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எங்கள் வீட்டில் பொங்கவில்லை.

டொக்டரிடம் சொல்வதென்று பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு வசனம்தான். டொக்டர் மேசையில் தனியாக இருந்து எழுதிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"என்ன தங்கச்சி?"

அவர் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார்.

"குடிக்கிற தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் கையைக் காட்டினார். நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஜனவரி 15, புதன்

அப்பாவைத் தொண்டையில் குழாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இனி அம்மாவும் உள்ளே போக முடியாது. கண்ணாடி வழியாகக் காலின் பக்கம் மட்டும் தெரிகிறது. எந்தக் கால் பாரிசவாதத்தில் வழங்காத கால் என்று இங்கிருந்து பார்த்தால் தெரியாது.

ஜனவரி 16, வியாழன்

விடிய ஐந்தே முக்காலுக்கு.

ஜனவரி 18, சனி

நேற்றுச் செத்தவீடு. எழுதிவிட வேண்டும்.

மாமி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "மலர், கலியாணத்துக்கு நாள் எண்ணுற வளவு. உன்ர தமையன் வீட்டுக்குக் கொண்டு போவமே?" என்று மெல்லக் கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். அந்த நேரம் அம்மாவின் தலையை வெட்டட்டுமா என்று கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அப்போது மாமியின் போன் அடித்தது. நிமலன் மாமா.

"அந்த மனிசன் ஆறு வருசம் என்ர வீட்டைப் பாத்தது. வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. முத்தத்தில வைச்சு வடிவாச் செய்யுங்கோ. கலியாணத்துக்கு நான் மண்டபம் பாக்கிறன்."

மாமி போனைக் கையில் வைத்தபடி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பிறகு அவரே எல்லாம் ஓடி ஓடிச் செய்தார்.

ஆகவே அப்பா இந்த வீட்டு முன் முற்றத்தில் கிடத்தப்பட்டார். பின் அறையில் கதவைச் சாத்திக் கிடப்பார் என்று அம்மா யாரைச் சொன்னாரோ அவர், முன் முற்றத்தில், பந்தலுக்குக் கீழே.

சனம் வந்துகொண்டே இருந்தது. ஆண்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். இரண்டு பேர் எனக்குப் பின்னால் கதைத்தார்கள்.

"சுவரெல்லாம் பளிச்செண்டு கிடக்கு. ஆர் கழுவினது?"

"மகளாம். தனியக் கழுவினதாம்."

"கெட்டிக்காரி. என்னத்தால கழுவினவளாம்? எங்கட வீடும் உப்பிடித்தான் கிடக்கு."

நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

அம்மா கஞ்சிச் சட்டியை வெளியே எறிந்துவிட்டார். வேலியோரம் உடைந்து கிடக்கிறது. வருகிற ஒவ்வொருவரிடமும் அதே கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறார். தோட்டத்தில் கடைசிப் பாத்தியை முடித்துவிட்டு வரலாம் என்று நின்றது, சைக்கிளுக்குக் காற்றுப் போனது, வந்த கையோடு தலையணையை ஒன்றுக்கு மேல் வைக்காதது, அரைக் கரண்டிக்குப் பதில் முழுக் கரண்டி எடுத்தது.

"நேர்ஸ் மூண்டு தரம் சொல்லி விட்டவ. நான் கேக்கேல்லை. சாப்பாடு குடுத்துச் சாக்காட்டிப் போட்டன்."

"விசர்க்கதை கதையாத மலர். அந்தாளுக்கு விதி அவ்வளவுதான்" என்கிறார் மாமி. "நீ சாப்பிடு. நாலு நாளாத் தேத்தண்ணியில நிக்கிறாய்."

அம்மா சாப்பிடவில்லை. கரண்டியைக் கையில் எடுத்துத் திரும்பவும் கோப்பைக்குள் வைத்துவிடுகிறார்.

மாமா போனில் சொல்லியிருக்கிறார், நாங்கள் இங்கேயே இருக்கலாம், ஒருவரும் எங்களைப் போகச் சொல்லமாட்டார்கள் என்று. எதற்காக நான் சுவர் கழுவினேனோ அது இனித் தேவையில்லை.

ஜனவரி 22, புதன்

பதினோராம் திகதி சனிக்கிழமையைப் பற்றி நான் சரியாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஒன்பதாவது கோட்டைத் தொடங்கினேன். குசினிச் சுவரும் அறைச் சுவரும் சேர்கிற மூலை அது. ஒரு பக்கம் தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. காற்று வராது. குளோரின் பூசிக் கழுவி, காய விட்டு, அசிட் பூசிக் கழுவ நேரம் போதாது என்று நினைத்தேன். இரண்டும் ஊத்தையைத்தான் எடுக்கின்றன, சேர்த்துப் பூசினால் ஒரே தரத்தில் முடியும். முடிந்தால் அப்பாவை ஒருவரும் எங்கும் அனுப்பமாட்டார்கள். குனிந்து குனிந்து முதுகு வலித்ததால் குளோரின் வாளியை ஜன்னல் படியில் வைத்தேன். அதற்குள் ஒரு முழுப் போத்தல் அசிட்டை ஊற்றினேன்.

நுரைத்தது. மஞ்சளாக ஒரு புகை வந்தது. அது மேலே போகவில்லை. வாளி விளிம்பால் வழிந்து கீழே இறங்கியது. நான் ஒரு மூச்சு எடுத்தேன், தொண்டைக்குள் நெருப்பு வைத்தது போல இருந்தது. தும்புப் பிரஷைக் கலவையில் தோய்த்துச் சுவரில் நாலு இழுவை இழுத்தேன். கறுப்பும் கறளும் ஒன்றாகப் போயின. அதைப் பார்த்து இன்னும் நாலு இழுவை இழுத்தேன். பிறகு முடியாமல் கிணற்றடிக்கு ஓடினேன். சத்தி எடுத்தேன். முகம் கழுவினேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கால் மணி நேரம் இருக்கும்.

அங்கே இருக்கும்போதே அப்பாவின் இருமல் கேட்டது. அவருக்கு எப்போதும் இருமல் இருக்கும். அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா, தெரியவில்லை.

பிறகுதான் ஜன்னல் திறந்திருப்பது ஞாபகம் வந்தது. கட்டில் ஜன்னலுக்கு நேர் கீழே.

தாவணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கி வேலியோரக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினேன். அறைக்குள் ஓடினேன். அப்பாவின் கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இடது கை சுவரைப் பிடித்திருந்தது. எழும்பப் பார்த்திருக்கிறார். நான் துடைத்தேன், விசிறினேன், இரண்டு கதவையும் திறந்துவிட்டேன். "அப்பா, போயிட்டுது, போயிட்டுது" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என் முகத்தில் ஏதோ தேடினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று பார்த்திருப்பார்.

அம்மா வரும் வரை மூன்று மணி நேரம் அவர் இருமிக்கொண்டுதான் இருந்தார். அம்மா வந்து, "ஏனடி இருமுறார்?" என்று கேட்டார்.

"தெரியேல்லை" என்றேன்.

"பசியாக்கும்" என்று அம்மா கஞ்சியை எடுத்தார். நான் வாசலில் நின்றேன். குடுக்காதேங்கோ அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா தலையணையைச் சரிசெய்தார், கரண்டியை நிரப்பினார், ஊதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

நேற்று எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் அம்மா சமைத்தார். மாமியும் இரண்டு பெண்களும் கூட நின்றார்கள். கணவாய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, உழுத்தம் பிட்டு. படைக்கும் நேரம் ஒரு பெண் மறந்துபோய், "கஞ்சியும் கொஞ்சம் வைப்பமே? கடைசியா அதுதானே குடிச்சவர்" என்றார். அம்மா கையிலிருந்த தட்டை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். மாமி அந்தப் பெண்ணை, "உமக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ?" என்று ஏசினார்.

இன்று காலை அம்மா எழும்பவில்லை. எட்டு மணிக்கு எழும்பி, முகம் கழுவாமல், கிணற்றுக் கட்டின் மேல் போய் இருந்தார். தேத்தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். பார்க்கவில்லை. வலது கையை மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையை வைச்சுக்கொண்டு இனி நான் என்ன செய்ய?" என்றார். என்னிடம் கேட்கவில்லை. கிணற்றிடம் கேட்டது போல இருந்தது.

நான் குசினிக்குத் திரும்பிப் போனேன். அடுப்பை ஊதினேன். அரிசி அளந்தேன். அளந்ததைத் திரும்பக் கொட்டினேன். சொன்னால் அம்மாவுக்கு நானும் இல்லாமல் போய்விடுவேன் என்று இருபது தரம் நினைத்திருக்கிறேன். சொல்லாவிட்டால் அம்மா அந்தக் கிணற்றுக் கட்டின் மேல் எத்தனை நாள் இருப்பார் என்று இன்றுதான் நினைத்தேன்.

தேத்தண்ணீரில் ஆடை படிந்திருந்தது. அதை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் வலது கையைப் பிடித்தேன்.

"அம்மா, கஞ்சியால இல்லை" என்றேன்.